உளுந்துக்குக் கீழே இருந்த பாலம்

இரும்பு என்ன விலையோ அதுதான் சாலைத் தடுப்பின் விலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 2008 பங்குனியில் ஒரு வியாழக்கிழமை மதியம், கடலூரில் ஒரு ஓட்டலில் என் இலையில் ரசம் ஓடிக்கொண்டிருந்தபோது அந்தக் காலம் முடிந்தது.

அப்போது அண்ணாமலை நகர் பக்கம் எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் சேர்த்து ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. ஜன்னல் கிரில் செய்வோம், மாணவர்கள் தங்கும் லாட்ஜ்களுக்கு இரும்புக் கட்டில் செய்வோம். கீரப்பாளையம் தாண்டி, வாய்க்காலை ஒட்டி ரோடு வளைகிற ஓர் இடத்தில் கிராஷ் பேரியர், அதாவது தூண் நட்டு நீள இரும்புத் தகடு மாட்டுகிற தடுப்பு, போட வேண்டும் என்று, அந்த ரோடு வேலையை எடுத்திருந்த பெரிய கான்ட்ராக்டர் விலை கேட்டிருந்தார். கட்டில் செய்தே அலுத்துப்போன எனக்கு நெடுஞ்சாலை என்ற சொல்லே போதையாக இருந்தது.

நிபந்தனை எளிமையானது. மொத்தத்துக்கும் ஒரே விலை எழுதி, உறையில் போட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அவர்கள் அலுவலகப் பெட்டியில் போட வேண்டும். குறைந்த விலைக்காரருக்கு வேலை. அதற்குப் பிறகு எது கூடினாலும் அவர் தலையில். எங்கள் பட்டறையில் இருந்தது ஒரே ஒரு மிஷின். ஒரு பெரிய தப்புக் கணக்கு வந்தால் மிஷினையும் விற்று, பட்டறையையும் காலி செய்துவிட்டு, மச்சானும் நானும் எங்கேயாவது கூலிக்குப் போக வேண்டியதுதான்.

அதனால் ரொம்ப ஜாக்கிரதையாகக் கணக்குப் போட்டேன். வளைவில் தூண்களை நெருக்கி நட வேண்டும், ஆகவே நேர் ரோட்டைவிட அங்கே தூண் அதிகம். அது வயல் களிமண். குட்டைத் தூண் நட்டால் முதல் மழைக்கே சாய்ந்துவிடும், ஆகவே நீளத் தூண். உப்புக் காற்று எட்டுகிற ஊர், துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகப் பூச்சு கனமாக வேண்டும். அந்தப் பூச்சுக்கு இரும்பைச் சென்னைக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவர வேண்டும். தகடு ஆரம்பிக்கிற இடத்திலும் முடிகிற இடத்திலும் வளைந்து மண்ணுக்குள் இறங்கும் துண்டுகள் தனி விலை. வேலை நடக்கும்போது பஸ்ஸை நிறுத்திவிட ரெண்டு ஆள், சிவப்புக் கொடி. கொடித் துணிக்குக்கூட விலை போட்டேன். மச்சான் கணக்கைப் பார்த்துவிட்டு, கொடி சரி மாமா, கம்புக்கு எங்கே என்று கேட்டான். கம்புக்கும் போட்டேன்.

அளக்கப் போன அன்று ரோட்டில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் பங்குனியில் பிடுங்கிய உளுந்துச் செடியை ரோட்டில்தான் பரப்புவார்கள். பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறி ஏறிப் போய்ச் சும்மாவே அடித்துக் கொடுத்துவிடும். அதை யாரும் ஒதுக்கக் கூடாது. ஒதுங்கிப் போகிற டிரைவருக்குக்கூடத் திட்டு விழும். வளைவின் நடுப்பகுதி முழுக்க, ரோடும் ஓரமும் தெரியாமல், முழங்கால் உயரத்துக்குச் செடி கிடந்தது. குடை பிடித்துக்கொண்டு அதற்குக் காவலாக ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நான் டேப்பை எடுத்ததுமே சொல்லிவிட்டார்.

"மிதிக்கிறதுன்னா நல்லா மிதிச்சுக்கிட்டுப் போங்க. ஒதுக்குற வேல மட்டும் வெச்சுக்காதீங்க."

கையில் ஒரு கோலும் இருந்தது. நான் உளுந்தின்மேலேயே டேப்பை இழுத்து அளந்தேன். மண் எப்படி என்று பார்க்கக் கடப்பாரையால் குத்தினேன், உளுந்து ஆரம்பிப்பதற்கு முன்னால் ஓர் இடத்திலும், முடிந்த பிறகு ஓர் இடத்திலும். இரண்டிலும் நல்ல களிமண். நடுவிலும் அதுதான் இருக்கும் என்று எழுதிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை உறையைப் பெட்டியில் போட்டேன். நான்கு மணிக்குத் திறப்பார்கள். வேலை எனக்குத்தான் என்ற தைரியத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது மச்சான் போன் செய்தான். ஒரு கிரில் மாட்டுவதற்காக அவன் கீரப்பாளையம் போயிருந்தான்.

"கவர் போட்டுட்டீங்களா மாமா?"

"போட்டாச்சு."

"உளுந்த வாரிட்டாங்க."

நல்ல விஷயம்தானே என்றேன்.

"அதுக்குக் கீழ ஒரு பாலம் இருக்குது மாமா."

ரசம் இலையைத் தாண்டி மடியில் இறங்கியதை நான் கவனிக்கவில்லை. வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் போகிற சிறுபாலம் அது. ரோட்டை அகலப்படுத்தும்போது கைப்பிடிச் சுவரை இடித்துவிட்டதால் மேலே வெறும் தட்டைக் கான்கிரீட். பக்கவாட்டைக் கோரை மூடியிருந்தது. கான்கிரீட்டில் தூணை அடித்து இறக்க முடியாது. ஒவ்வொரு தூணுக்கும் அடியில் கனமான பேஸ் பிளேட் வைத்து போல்ட் போட வேண்டும். பழைய கான்கிரீட் போல்ட்டைத் தாங்காது என்பதால் ஓரத்தில் புதிதாக ஒரு பீம் ஊற்ற வேண்டும். அதுவும் தூண் நெருக்கமாக வருகிற நடு வளைவில். எவ்வளவு நீளம் என்று கேட்டேன். காலால் அளக்கிறேன் இருங்க என்று எண்ண ஆரம்பித்தான். பத்தொன்பது என்று சொன்னபோது போதும் நிறுத்து என்றேன், ஏதோ நான் நிறுத்தச் சொன்னால் பாலமும் நின்றுவிடும் என்பதுபோல. கொடிக்கம்புக்கு விலை போட்டவன் பாலத்துக்குப் போடவில்லை.

பாயசத்தை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். மேனேஜர் சாவியோடு சைட்டுக்குப் போயிருந்தார். வாட்ச்மேன் பொறுமையாக விளக்கினார்.

"போட்டத எடுக்கணும்னா சார் வரணும். சார் வந்தாருன்னா தொறக்கத்தான் வருவாரு."

அவர் வெளியே பீடி பற்றவைக்கப் போனதும் பெட்டியின் வாயில் இரண்டு விரலை விட்டேன். உறையின் முனை தட்டுப்பட்டது. விரலை மடக்கினேன். உறையும் வரவில்லை, விரலும் வரவில்லை. இழுக்க இழுக்க வீங்கியது. அந்த நேரம் பார்த்து என் போட்டிக்காரர் வந்தார். கடலூர் முதுநகரில் பட்டறை வைத்திருப்பவர், வயதில் மூத்தவர், கழுத்தில் சிலுவைச் செயின். அவருக்கும் என்னைப்போல ஒரு மிஷின்தான்.

"என்னா தம்பி, போடுறியா, எடுக்குறியா?"

உறை சிக்கிக்கொண்டது, அழுத்திவிடுகிறேன் என்றேன். அவர் பைக்கிலிருந்து கொஞ்சம் கிரீஸ் வழித்துக்கொண்டு வந்து என் விரலில் தடவி விடுவித்தார். பிறகு தன் உறையை எடுத்து, கண்ணை மூடிச் சிலுவை போட்டு, உள்ளே தள்ளினார்.

பாலத்தைப் பற்றி அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் முட்டாள்தனம் கடலூர் வரைக்கும் தெரிந்துவிடுமே. சத்தம் போடாமல் தோற்றுவிட்டால் போதும் என்றிருந்தது. ஸ்ரீமுஷ்ணம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டேன்: இந்த வேலை எனக்குக் கிடைக்காமல் செய்தால் பதினோரு தேங்காய்.

நான்கு மணிக்கு மேனேஜர் வந்தார். ஒரு நிமிஷம் சார் என்று ஆரம்பித்தேன். எதுவானாலும் திறந்த பிறகு என்று கை காட்டிவிட்டார். மொத்தம் மூன்று உறை. முதலில் பண்ருட்டிக்காரருடையது. விலை ஆகாயத்தில் இருந்தது. அந்த மனிதர் உளுந்தை ஒதுக்கிப் பார்த்திருக்கிறார் என்று எனக்கு மட்டும் புரிந்தது. இரண்டாவது என்னுடையது. அவரைவிட ரொம்பக் கீழே. மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பட்டறையில் மிஷின் இருந்த மூலை காலியாகக் கண்ணில் தெரிந்தது.

மூன்றாவது உறையை அவர் கிழித்த சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. என்னுடையதைவிடக் கொஞ்சம் குறைவு.

உள்ளுக்குள் பதினோரு தேங்காயும் ஒரே நேரத்தில் உடைந்தன. முதுநகர் அண்ணன் சிலுவையை எடுத்து முத்தமிட்டார். மேனேஜர் தாளை அவர் பக்கம் தள்ளினார். கையைக் குலுக்கிவிட்டு நான் எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"எப்ப போயி அளந்தீங்கண்ணே?"

"போன வாரம். உளுந்து கெடந்துச்சே, கால் வெக்க எடமில்ல."

பேனா மூடியைத் திறந்தார். சொல்லாவிட்டால் அவர் பட்டறை போய்விடும். சொன்னால் அவர் விலகிக்கொள்வார், அடுத்த குறைந்த விலை என்னுடையது. இரண்டு பட்டறையில் எது போவது என்பது என் வாயில் இருந்தது. அவர் முதல் எழுத்தைப் போட்டுப் புள்ளி வைப்பதற்குள் ஒரு குரல் கேட்டது. கீச்சென்று இருந்ததால் என்னுடையது என்று கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"சார், அந்தப் பாலத்துக்கு யார் ரேட்டு போடுறது?"

எந்தப் பாலம் என்றார் மேனேஜர். சொன்னேன். முதுநகர் அண்ணன் பேனாவை மூடினார். மொத்த விலை என்றால் மொத்த விலைதான், அவர் செய்யாவிட்டால் அடுத்தவர் செய்யட்டும் என்று மேனேஜர் என் பக்கம் திரும்பினார். அப்போது அண்ணன் மேஜையில் விரித்திருந்த வரைபடத்தை நிதானமாகத் தன் பக்கம் இழுத்தார்.

"இதுல பாலத்தக் காட்டுங்க சார். இருந்தா கையெழுத்து போட்டுடறேன்."

மேனேஜர் தேடினார். இல்லை. சர்வேயருக்குப் போன் போட்டார். என்ன பதில் வந்தது என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் மேனேஜர் இரண்டு தடவை, "உளுந்தா?" என்று கேட்டார். பிறகு தாளை மடித்து, பாலத்துக்குத் தனி விலை போட்டுத் திங்கட்கிழமை புது உறை கொடுங்கள் என்றார்.

கீழே டீக்கடையில் அண்ணன் என் விரலைப் பார்த்தார்.

"மொதல்லயே தெரியுமா ஒனக்கு?"

"ரெண்டு மணிக்குத் தெரியும்ணே."

"அதான் வெரலா?"

ஆமாம் என்றேன். டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தார். டீக்கு அவரே காசு கொடுத்தார். என்னை மன்னித்தாரா என்பது அதிலிருந்து தெரியவில்லை.

திங்கட்கிழமை வேலை நியாயமான விலையில் அவருக்கே கிடைத்தது. பேஸ் பிளேட்டுகளை மட்டும் எங்கள் பட்டறையில் செய்யக் கொடுத்தார். மறு வருஷம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், தகட்டின்மேல் யாரோ உளுந்துச் செடியை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

வேண்டுதலை மட்டும் மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை. தோத்ததுக்கு யாராவது தேங்கா ஒடைப்பாங்களா மாமா என்று ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் முனகிக்கொண்டே வந்தான். கோயிலில் பதினோரு தேங்காயைப் பார்த்துவிட்டு அர்ச்சகர் என்ன விசேஷம் என்று கேட்டார்.

"ஒரு வேல கெடைக்கல சாமி" என்றேன்.

அவர் என்னை ஒரு முறை, மச்சானை ஒரு முறை பார்த்தார். பிறகு முதல் தேங்காயைக் கையில் எடுத்தார்.