எங்கள் வீட்டில் இரண்டு டிவி

வீடு கட்ட அரசு தரும் உதவிக்கு யார் யார் தகுதி என்று பார்க்க, இன்று உத்திரமேரூரிலிருந்து எங்கள் தெருவுக்கு ஆள் வந்தார். கிடைத்தால் சும்மா கிடக்கும் எங்கள் மனையில் ஒரு அறையாவது எழுப்பி, கைக்குழந்தையோடு இந்த வாடகை வீட்டை விட்டுப் போய்விடலாம்.

காலையிலேயே ஓனர் அம்மா தன் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கொஞ்ச நேரம் உன் வூட்ல இருக்கட்டும்மா. அவுரு பாத்தா நம்மள வசதிக்காரின்னு எழுதிக்கினு பூடுவாரு."

முடியாது என்றால் காலி பண்ணச் சொல்வார். வாங்கி வைத்தேன்.

வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "ரெண்டு டிவி கீது! உனக்கு இன்னாத்துக்கும்மா கவர்மெண்ட் உதவி?"

"ஒண்ணு எங்களுது இல்ல சார்."

"எல்லா வூட்லயும் இதேதாம்மா சொல்றாங்க."

ஓனர் அம்மா பக்கத்திலேயே நின்றார். வாயைத் திறக்கவில்லை, பாவி.

சாயங்காலம் டிவியை எடுக்க வந்தவர், "வூட்டு வரிய ஏத்திட்டாங்கம்மா, அடுத்த மாசம் வாடகைய ஏத்திக் குடு" என்கிறார்!

குழந்தை தூங்கிவிட்டான். எனக்குத்தான் இன்னும் கொதிக்கிறது. ஒரு பகல் முழுக்க அவர் டிவி என் வீட்டில் குடியிருந்ததே, அதற்கு நான் எவ்வளவு வாடகை கேட்கலாம்? நீங்களே சொல்லுங்கள்.