ஆடியில் விழுந்த நிக்காஹ்

சேலையூர் கேம்ப் ரோட்டில் நான் மேனேஜராக இருந்த கல்யாண மண்டபத்துக்கு 2006இல் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே நசீருதீனும் வந்தார். பகலில் திருமுடிவாக்கத்துப் பட்டறையில் லேத் ஓட்டி, சாயங்காலம் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் படித்தவர். முன்பதிவுக்குப் பிஎச்பியில் ஒரு புரோகிராம் எழுதினார். வாயைத் திறந்தால் அதே பேச்சுதான், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொடக்கத்திலேயே ஒரு தகராறு. பதினெட்டாம் தேதி போட்டால் 1970 ஜனவரி என்று காட்டியது. பன்னிரண்டுக்கு மேற்பட்ட தேதிகளுக்கு ஏதோ ஒட்டுப்போட்டார், சரியாயிற்று. பிறகு தன் தங்கை ஃபாயிசாவின் நிக்காஹுக்கு ஜூலை எட்டைத் தானே உட்கார்ந்து பதிந்தார்.

ஜூன் மாதம் கோவளத்து மீனவர் பூவராகன் வந்தார். மகள் அஞ்சலிக்கு ஜூலை எட்டு முகூர்த்தம். திரையில் ஜூலைப் பட்டியலைத் திறந்தேன், அந்த நாள் காலி. அட்வான்ஸ் வாங்கிவிட்டு, டைப் அடிக்கிற வேலையை நசீருதீனுக்கு விட்டுவைத்தேன்.

மறுநாள் அவர் தங்கையின் பத்திரிகையோடு வந்தார். கையோடு பூவராகனின் தேதியை அடிக்கச் சொன்னேன். ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்றது கம்ப்யூட்டர்.

"அது எங்க நிக்காஹ்தான் சார்" என்று சிரித்தார்.

"உங்களது ஆகஸ்ட் ஏழுல்ல? பட்டியல்ல அப்படித்தான இருக்கு?"

அவர் முகம் செத்துப்போயிற்று. மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தார். 20/7 சரி. 7/7 சரி. 8/7 மட்டும் ஆகஸ்டுக்கு ஓடியது. சாய்கோடு போட்டால் அந்த மொழி அமெரிக்கக்காரன் மாதிரி மாதத்தை முதலில் படிக்குமாம். அவர் சோதித்துப் பார்த்தது மே ஐந்தில், 5/5 போட்டு. எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் பெரிய தேதிகளில் திணறியதை மட்டும் சரிக்கட்டியிருந்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"ஆகஸ்ட்னு பார்த்தப்ப உங்களுக்குச் சந்தேகமே வரலையா சார்?"

இந்துப் பெயராக இருந்தால் ஆடியில் என்ன கல்யாணம் என்று உடனே கேட்டிருப்பேன். பாய் வீட்டுக்கு ஆடி கிடையாது, ஆடியில் வாடகையும் பாதி, அதற்காக எடுத்திருப்பார் என்று இருந்துவிட்டேன். அப்படியே சொன்னேன்.

தேதியைத் தள்ளவும் வழியில்லை. மாப்பிள்ளைக்குத் துபாய் லீவு ஜூலையோடு முடிகிறது. சுற்றுவட்டாரத்தில் ஒரு மண்டபமும் காலியில்லை. கடைசியில் நசீருதீனை வண்டியில் ஏற்றிக் கோவளத்துக்கே கூட்டிப்போனேன். பூவராகன் திட்டுவார் என்று பயந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"காலைல தாலி கட்டி, மத்தியானம் பந்தி முடிஞ்சா நாங்க வூட்டுக்குப் போய்கினே இருப்போம். சாயங்காலம் மண்டபம் சும்மாதான கீது, பாய்?"

பதினோரு மணி என்று அச்சடித்த நிக்காஹ் பத்திரிகைகளில் எல்லாம் நேரத்தைப் பேனாவால் திருத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தாலும் வந்தார்கள். அஞ்சலி கல்யாணத்துக்குக் கட்டிய பூவின் கீழேயே ஃபாயிசாவின் நிக்காஹ் நடந்தது.

கார் ஏறும்போது அவள் அழுதாள். நசீருதீன் தலையைக் குனிந்துகொண்டு, எல்லாம் தன்னால்தான், மன்னித்துக்கொள் என்று என்னென்னவோ உளறினார்.

"மண்டபம் இல்லாட்டி வாசல்லயே பந்தல் போட்டிருப்போம்ணா. இத்தனை நாளா என் முகத்தப் பாக்காமயே திரிஞ்சியே, அதுக்குத்தான் அழறேன்" என்றாள்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கார் கிளம்பிவிட்டது.