தகரத்துக்கு மேலே இரண்டு கண்கள்

எனக்குக் கொரோனா வந்தபோது, சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு கேட்டைத் தகரம் வைத்து அடைத்த பேரூராட்சி ஊழியர் அவர். காக்கிச் சட்டை, நீல மாஸ்க். தகரத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரியும். தெருவே எங்களைக் கண்டு ஜன்னலைச் சாத்திக்கொண்ட அந்தப் பதினான்கு நாளும், காலையில் தகரத்தைத் தட்டிப் பால் பாக்கெட்டை நீட்டி, "இன்னா சார், மூச்சு வாங்குதா?" என்று கேட்டவரும் அவர்தான். அவர்மேல் எனக்கு இருந்தது கோபமா நன்றியா என்று அப்போதே புரியவில்லை.

போன வாரம் குரோம்பேட்டை ஸ்டேஷனில் மீசைக்காரர் ஒருவர் என்னை வழிமறித்தார். யாரென்று தெரியாமல் விழித்தேன். சட்டென்று உள்ளங்கையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டார். அந்தக் கண்கள்!

"அண்ணா, நீங்களா!"

"ஒருத்தருக்கும் அடையாளம் தெரியல சார். எல்லார்கிட்டயும் இப்டித்தான் காட்ட வேண்டிக்கீது. நீங்களும் கொஞ்சம் மூடுங்க, சரியான ஆளான்னு பாத்துக்கறேன்."

மூடினேன்.

"அட, நீங்கதான் சார்!" கண்கள் சிரித்தன.

கையை எடுத்தோம். என் எதிரே மறுபடியும் யாரோ ஒருவர் நின்றிருந்தார். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இருவரும் ரயில் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.