சவலைக்கு ஒரு பிராது

வகுப்பில் யாப்பு நடத்தும்போது சவலை வெண்பா வந்தால் இப்போதெல்லாம் வேகமாகக் கடந்துவிடுகிறேன். நாலடி இருக்கும், இரண்டாம் அடியில் வர வேண்டிய தனிச்சொல் மட்டும் இருக்காது. பழம்பாடல்களில் நிலைகொள்ளாத மனத்தையும் சவலை நெஞ்சு என்றார்கள். அந்த நெஞ்சுதான் எனக்கு இப்போது. வீட்டில் சவலை என்றால் என் மூத்த மகள்.

அவளுக்கு எட்டாம் மாதம் நடக்கும்போதே நான் மறுபடி உண்டானேன். பால் வற்றி, அவள் சவலையாகிவிட்டாள். தம்பி கொழுகொழுவென்று கிடக்கிறான். இவளோ இரண்டு வயது நெருங்கியும் நிற்கவில்லை. கைகால் குச்சி, வயிறு மட்டும் முன்னால். டாக்டர் மருந்து கொடுத்து, பொறுமையாக இருக்கச் சொன்னார். பொறுமையாவது! பாடம் பாதியில் நிற்கும், மனசு வீட்டுக்கு ஓடிவிடும்.

"சவலையா?" என்று தெருவில் கேட்பார்கள். பார்ப்பது குழந்தையை, கேட்பது என்னை. தாய் அவசரப்பட்டுவிட்டாள் என்பதுதான் அகராதியில் இல்லாத பொருள்.

"கொளஞ்சியப்பருகிட்ட பிராது கட்டிடலாம்" என்றார் மாமியார். மனக்குறையை மனுவாக எழுதிக் கோயிலில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். குறை தீர்ந்ததும் போய்க் கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்துப் போனோம். செராமிக் சூளையில் வேலை பார்க்கும் என் கணவர், இறங்கியதுமே டீக்கடைக்கு நழுவிவிட்டார்.

நான் எழுதினேன். அத்தை படித்துக் காட்டச் சொன்னார். "என் மகளின் மெலிவு நீங்கி, உடல் தேறி..."

"மெலிவாம்ல! சவலைன்னு எழுதும்மா. சாமிக்கு வெளங்க வேணாமா?"

"எழுத மாட்டேன் அத்தை. அத எழுதினா என் மேல நானே பிராது குடுத்த மாதிரி ஆயிடும்." கோபமாகத்தான் ஆரம்பித்தேன், முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

அத்தை பேத்தியை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "உன் வூட்டுக்காரனும் சவலைதான். அவன் தவழுறப்பவே அடுத்தது வந்துட்டுது. எங்க மாமியாரு ஊரு பூரா என்னத்தான் பேசினாங்க. உன் மாமனாரு அப்பவும் டீக்கடையிலதான் நின்னாரு."

இருவரும் டீக்கடையைப் பார்த்தோம். என் கணவர் நிதானமாக டீயை ஊதிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மெலிவை அடித்துவிட்டுச் சவலை என்றே எழுதிக் கட்டினோம்.

இந்த வாரம் மகள் பீரோவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கை விட்டதும் விழுந்தாள், மறுபடி எழுந்தாள். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. தானாக நடக்கட்டும், பிறகு பிராதைத் திரும்ப வாங்கலாம் என்றேன். அத்தையும் சரி என்றார்.

"ஆனா அன்னிக்கு உன் வூட்டுக்காரனையும் உள்ள இழுத்துக்கிட்டுப் போவணும். கையெழுத்து அவன்தான் போடணும்."