செயின்சாவின் நெற்றியில் சந்தனம்

பெட்ரோலும் சந்தனமும் சேர்ந்தால் ஒரு வாசம் வரும்... உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதில், சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு தகரக் கொட்டகையில், மழை விட்ட காலையில் முகர்ந்தது. இன்றும் கண்ணை மூடினால் அந்த ஈரத் தரையும் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரும் மெல்ல வந்து நிற்கின்றன.

மரம் வெட்டும் காண்ட்ராக்டர் ஒருவரிடம் அப்போது நான் கிளார்க். ஃபோன் எடுப்பேன், லாரி அனுப்புவேன்... அதோடு பூஜை டிபார்ட்மென்ட்டும் நான்தான். யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்!

ஆயுத பூஜைக்கு முதல் நாளே தேக்கா கடைத்தெருவுக்குப் போய் மல்லிகைச் சரமும் சந்தனமும் வாங்கி வந்துவிட்டேன். கத்தி, கோடாலி, லாரி, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. கடைசியாக, மரம் அறுக்கும் பழைய செயின்சா. பெயின்ட் உரிந்து, கைப்பிடி தேய்ந்து கிடக்கும் அந்தக் கிழத்தின் மேல் எனக்குத் தனிப் பாசம். வெளியே துடைத்தது போதாதென்று மேல்மூடியையும் கழற்றினேன். உள்ளே வெள்ளையாக, வட்டமாக ஒன்று...

அட, நெற்றி மாதிரியே இருக்கிறதே!

சந்தனத்தைக் குழைத்து முழுசாகப் பூசினேன். நடுவில் குங்குமம். மூடியைப் போட்டு மூடினேன். எவ்வளவு திருப்தி தெரியுமா!

பூஜை போட்ட பொருளை அன்றைக்குத் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் மறுநாள் காலையில்தான் என் திருவிளையாடல் வெளியே வந்தது.

விடியற்காலைக் காற்றில் கிளமெண்டியில் ஒரு பள்ளிக்கூட வாசலை அடைத்து மரம் விழுந்திருந்தது. ஒன்பது மணிக்குள் லாரி அங்கே நிற்க வேண்டும் என்று பாஸ் ஃபோனில் கத்தினார். மற்ற செயின்சாக்கள் வேறு வேலைக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தது அந்தக் கிழம். அதை ஓட்டுபவர் காதர் பாய்.

காதர் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசமாட்டார். தீபாவளிக்கு முன்னால் அவரை ஃபோர்மேன் ஆக்குவதாக பாஸ் சொல்லியிருந்தார். இவர் அதை வீட்டில் மனைவியிடமும் சொல்லிவிட்டார், பாவம்.

கயிற்றை இழுத்தார். மெஷினிலிருந்து ஒரு இருமல்... அவ்வளவுதான். மறுபடி இழுத்தார், மறுபடி. பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது.

"ஃபிளட் ஆயிடுச்சு லா," என்றார். "பெட்ரோல் ஓவராப் போயிடுச்சு."

பிளக்கைக் கழற்றினார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. துடைத்து வைத்துவிட்டு, மெஷினைக் கவிழ்த்து நாலைந்து முறை கயிற்றை இழுத்தார். உள்ளே தேங்கிய பெட்ரோல் தரையில் தெறித்தது. பிளக்கை மாட்டி, காற்றை அடைக்கும் சோக்கை எடுத்துவிட்டு, திராட்டிலை அழுத்திப் பிடித்து இழுத்தார். டுர்ர்ர்... என்று உயிர் வந்தது. எனக்கும்தான். பத்து எண்ணுவதற்குள் கரும்புகை கக்கி நின்றுவிட்டது.

பிளக் மறுபடியும் ஈரம்.

"சோக் போடல, அப்பவும் நனையுது. அப்ப காத்து உள்ள போகலைன்னு அர்த்தம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேல்மூடியைத் திருகினார்.

முந்தின நாள் அந்த மூடியைக் கழற்றியது நான்தான்!

மூடி திறந்தது. நான் நெற்றி என்று நினைத்தது ஏர் ஃபில்டர்! மெஷின் மூச்சு விடும் இடம். சந்தனம் காய்ந்து சுவராக நின்றது, நடுவில் என் குங்குமம் ஜம்மென்று.

காதர் பாய் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்... மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "நல்ல சந்தனம்," என்றார்.

சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடுத்தார். ஆபீஸ் மேஜை ஃபேன் முன்னால் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றேன். அந்த ஃபேன் காற்றில் பெட்ரோலும் சந்தனமும் கலந்த வாசம் முகத்தில் வந்து மோதியது... நேரமே நின்றுபோன மாதிரி இருந்தது. ஆனால் கடிகாரம் நிற்கவில்லை. ஒன்பது தாண்டிவிட்டது.

ஃபில்டரை மாட்டி இழுத்தார். மூன்றாவது இழுப்பில் கிழம் கர்ஜித்தது. அதே நேரம் பாஸின் கார் உள்ளே வந்தது.

"பிள்ளைங்க எல்லாம் ரோட்டுல நிக்குது! இங்க என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீங்க?"

"ஃபில்டர் அடைச்சிருந்துச்சு பாஸ். தூசி," என்றார் காதர் பாய்.

"தூசி அடையிற வரைக்கும் பார்த்துக்கிட்டா இருந்தே? நீ ஃபோர்மேனா? அடுத்த வருஷம் பார்க்கலாம்!"

நான் பக்கத்தில்தான் நின்றேன். விரல் நுனியில் குங்குமச் சிவப்பு. வாய் திறந்திருக்கலாம்... திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயம். லாரி போன பிறகு ஃபைல் ரூமில் போய் அழுதேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு நான் தயங்கி நிற்க, அவரே செயின்சாவைத் தூக்கிவந்து முன்னால் வைத்தார். "கைப்பிடியில வை தங்கச்சி. அது மூச்சு விடணும்ல?"

அந்த வருஷம்தான் ஃபோர்மேன் ஆனார். ஒரு வருஷச் சம்பள உயர்வும் மரியாதையும் என் ஒரு பொட்டில் போயிருந்தன.

இப்போது புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி பிளாக்குக் கீழே மரக்கிளை வெட்டுகிறார்கள். பேட்டரி செயின்சா... பட்டனை அழுத்தினால் போதும். கயிறு இல்லை, புகை இல்லை, வாசமும் இல்லை. நல்லதுதான். ஆனாலும் ஜன்னலோரம் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறேன், பைத்தியம் மாதிரி.

போன வாரம் காப்பிக் கடையில் காதர் பாயைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததை ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். "பாய், அன்னிக்கு நான் பாஸ்கிட்ட சொல்லியிருக்கணும். அந்தச் சந்தனம்..."

தே தாரேக் டீயை ஊதிக் குடித்தபடி நிமிர்ந்தார்.

"எந்தச் சந்தனம்? அது தூசிதான் லா."

மனுஷர் இன்னும் மாற்றிச் சொல்லவில்லை. அதனால் நான் இங்கே எழுதுகிறேன், எல்லோரும் படிக்கட்டும்.

அது தூசி இல்லை. நான் வைத்த சந்தனம்.