புள்ளி இல்லாத ராணி

எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றால்தான் தெருவில் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டு ஓய்வு பெற்றவள். அவள் வீட்டு போன்தான் அத்திபூத்தாற்போல் அடிக்கும். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "அப்பல்லாம் லைன் பிஸி" என்பாள்.

கூடவே இருந்த தங்கை ஐம்பத்திரண்டு வயதில், தன்னோடு வேலை பார்த்த வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனாள். முன்னால் நின்று நடத்தி வைத்தவள் அக்காதான். பிறகு இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவளும் அவள்தான்.

தங்கை கொல்லையில் விட்டுப்போனது ஒரு தேனீப் பெட்டி. அதைப் பார்க்கிற சாக்கில் மாதம் ஒருமுறை வருவாள். அக்காவை மட்டும் பார்க்க எத்தனை தடவைதான் வருவாள்? பெட்டி போனால் தங்கையும் போய்விடுவாள் என்று அக்கா உள்ளூரப் பயந்தாள். இப்போதே அவள் கடைசியாக வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது.

அப்படி ஒரு காலையில்தான் பெட்டியின் ரீங்காரம் மாறியது. ஒரே சீராக இல்லாமல் முனகலாக வந்தது. லைன் கோளாறைக் காதாலேயே கண்டுபிடித்தவளுக்கு இது தெரியாதா? திறந்து பார்த்தாள். அக்கா கண்ணுக்குச் சட்டென்று தெரியட்டும் என்று, ராணித் தேனீயின் முதுகில் தங்கை தன் நகப்பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். அடை கட்டிய ஒவ்வொரு சட்டத்தையும் எடுத்து இரண்டு பக்கமும் மூன்று தடவை தேடியும் அந்தப் புள்ளியைக் காணோம்.

தங்கையிடம் சொல்ல வீம்பு விடவில்லை. இன்று நாளை என்று ஒரு மாதம் ஓடிவிட்டது. இதற்குள் முனகல் அடங்கிவிட்டது. அழுது ஓய்ந்துவிட்டன போலும் என்று நினைத்தாள். கடைசியில் பெட்டியை இன்னொரு தடவை திறந்து புள்ளியைத் தேடிப் பார்த்துவிட்டு, தேனீக்காரரிடம் போய்ப் புது ராணி கேட்டாள்.

"பெட்டியில வேற ராணி இல்லன்னு நல்லாப் பாத்தீங்களாம்மா? இருந்தா புதுசைக் கொன்னுடும்."

"முட்டையும் இல்ல, புள்ளியும் இல்ல. நல்லாப் பாத்துட்டேன்."

தீப்பெட்டி அளவுக் கூண்டில் ராணி வந்தாள். வாசல் துளையைச் சர்க்கரை மாவு அடைத்திருந்தது. அதை மற்றத் தேனீக்கள் தின்று தீர்ப்பதற்குள் வாசனை பழகிவிடும், அதுவரை தொடக்கூடாது என்றார். அக்கா தொடவில்லை. தெரியாத வீட்டில் தனியாகக் கிடக்கிறதே என்று தினமும் பெட்டிப் பக்கத்தில் போய் நின்றாள். நாலாம் நாள் காலை, பெட்டி வாசல் பலகையில் புது ராணி செத்துக் கிடந்தாள்.

அக்கா பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்தாள். இந்தத் தடவை புள்ளியைத் தேடவில்லை. மூன்றாவது சட்டத்தில் அறைக்கு ஒன்றாக வெள்ளை முட்டைகள். நடுவே நீளமான ஒரு ராணி, முதுகில் ஒரு புள்ளியும் இல்லாமல், நிதானமாக நடந்துகொண்டிருந்தாள். தேனீக்கள் தாங்களாகவே ஒருத்தியை ராணியாக வளர்த்துவிட்டிருந்தன. முனகல் அடங்கியது அதனால்தான். காது ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. பாழாய்ப்போன கண்தான் சிவப்பையே தேடியிருக்கிறது. வீணாக ஓர் உயிரைக் கொன்றுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

பெட்டி பிழைத்துவிட்டது, சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சட்டத்தை ஒரு கையில் பிடித்தபடியே செல்போனில் தங்கையைக் கூப்பிட்டாள்.

"ராணியைக் காணோம்டி."

"முட்டை இருக்காக்கா?"

கண்ணெதிரே ராணி அடுத்த அறையில் வாலை இறக்கி முட்டையிட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியலடி. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீ ஒருநடை வந்து பாத்தாத் தேவல."

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பதும் தட்டு வைக்கும் சத்தமும் கேட்டன. தங்கை அங்கே யாருக்கோ பதில் சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பினாள்.

"தேனீக்காரர்கிட்ட ஒண்ணு வாங்கிக் கூண்டோட வெச்சுடுக்கா. நாலு நாள் தொடாதே, அவ்வளவுதான். இதுக்கு நான் எதுக்கு, நீயே பண்ணிடுவே."

"சரிடி" என்றாள் அக்கா. பழைய பழக்கம், அந்தப் பக்கம் வைக்கும்வரை அவள் வைக்கவில்லை. பிறகு ராணி நசுங்காமல் சட்டத்தை மெல்ல இறக்கிப் பெட்டியை மூடினாள்.