பாதிக் கச்சேரியில் பெருமாள் வந்தார்

இன்று ஞாயிற்றுக்கிழமை மாலை சின்ன காஞ்சிபுரத்தில், நம் பழைய வாசகசாலைக் கூடத்தில் செல்வியின் முதல் கச்சேரி. தறி நெய்பவர். அந்தக் கூடத்திலேயே ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஐந்து வருடம் பாட்டுக் கற்றவர். சரியாக வராவிட்டால் இனி மேடையே வேண்டாம் என்று காலையில் என்னிடம் சொல்லியிருந்தார்.

இரண்டாவது பாட்டின் நடுவில் தெருவில் நாதஸ்வரம் கேட்டது. பெருமாள் புறப்பாடு. கூடத்திலிருந்த அத்தனை பேரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். நானும் வாசல்வரை போய், செல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அவர் பாட்டை நிறுத்தியிருந்தார்.

"அவ்ளோதான் சார், நான் கிளம்பறேன். யாருக்குப் பாடறது?"

வாசலில் கைகூப்பி நின்ற வாசகசாலைச் செயலாளர் திரும்பாமலே சொன்னார்: "செருப்பெல்லாம் இங்கதான் கெடக்குதும்மா. எங்க போயிடுவாங்க? தண்ணி குடி."

கால் மணி நேரத்தில் எல்லோரும் துளசி வாசனையோடு திரும்பினார்கள். முன்வரிசைக்காரர் ஒருவர் உட்காரும்போதே, "மொதல்லேர்ந்து பாடும்மா. பாதிதான் கேட்டோம்" என்றார்.

பாடினார். முன்பு நடுங்கிய இடத்தில் இந்த முறை குரல் அசையாமல் நின்றது.

முடிந்ததும் செல்வி செயலாளரிடம் போனார். "அடுத்த வாட்டி சாமி வர்ற நாளா பாத்து வெக்காதீங்க சார். நானும் போய் கும்பிடணும்ல."

அடுத்த வாட்டி என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எனக்கு அது போதும்.

ஆனால் சாமி புறப்பாடு இல்லாத ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் எப்போது வருகிறது? பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.